கணக்கில் வராத கை

மேலூரிலிருந்து என் பெரியப்பா மருமகள் வந்திருந்தாள். "என்ன மதினி, பெரியம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்டேன். பொலபொலவென்று கண்ணீர் விட்டுவிட்டாள்.

பெரியம்மா தொழுவத்தில் வழுக்கி விழுந்து நாலு மாதம் ஆகிறது. இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் ஆகியும் நடமாட்டம் இல்லை. குளிப்பாட்டுவது, மலஜலம் எடுப்பது, ராத்திரி ரெண்டு தடவை புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் மதினிதான். போன வாரம் திருப்பூரிலிருந்து வந்த கொழுந்தன், "மருந்துச் செலவு பூரா நான்தான் அனுப்புறேன். நீங்க என்ன குடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டாராம்.

"நான் என்ன குடுக்குறேன்னு எனக்கே தெரியலையே தாயி!"

"வாங்க, கணக்குப் போட்டுப் பார்த்துருவோம்" என்று பிள்ளையின் பழைய நோட்டை எடுத்தேன். மதுரையில் நான் விசாரித்தபோது, பகலில் மட்டும் வந்து பார்த்துக்கொள்ள நாளைக்கு 700 ரூபாய் கேட்டார்கள். மாதத்துக்கு 21,000. ராத்திரிக்கு இன்னோர் ஆள் வேண்டும். "இதுதான் மதினி, நீங்க குடுக்குறது!" என்று எழுதிக் காட்டினேன். வாயடைத்துப் போனாள்.

சகோதரிகளே, ஒரு விஷயம் தெரியுமா? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. பெற்றோரைக் காப்பாற்றும் கடமை அதில் மகனுக்கும் மகளுக்கும் உண்டு; வயதுக்கு வந்த பேரன், பேத்திக்கும் உண்டு. மருமகள் பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லை! பிள்ளைகள் கைவிட்டால், பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தருவார்கள். அவ்வளவு தூரம் போகாமல், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பேசிப் பங்கு பிரித்துக்கொள்வதுதான் நல்லது.

செலவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். முதியோர் இல்லம், உதவி, சட்ட ஆலோசனை எதுவானாலும் 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.

இல்லத்தில் விடத்தான் வேண்டும் என்றால், சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். பதிவு பெற்ற இல்லமா? ராத்திரி கூப்பிட்டால் வர ஆள் உண்டா? மருந்தும் டயபரும் மாதக் கட்டணத்தில் சேர்த்தியா, தனியா? முன்பணம் திரும்பக் கிடைக்குமா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

"வீட்டை என் பேருக்கு எழுதுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று யாராவது சொன்னால், "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதி வாங்கியவர் கவனிக்காவிட்டால், அதே சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். மதினி பேசவே இல்லையாம். நோட்டை மட்டும் நடுவில் வைத்தாளாம். கொழுந்தன் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம். இப்போது பகலுக்கு ஓர் ஆள் வருகிறது. கூலியை அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி கொடுக்கிறார்கள். விருதுநகரில் இருக்கும் மகள் சனிக்கிழமை வந்து, ஞாயிறு முழுக்கத் தாயுடன் இருந்துவிட்டுப் போகிறாள்.

"அன்னைக்கு மத்தியானம் கதவைச் சாத்திட்டு ஒரு தூக்கம் போடுறேன் தாயி" என்று போனில் சிரித்தாள் மதினி. நாலு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்துக் கேட்கிறேன்.

உங்கள் வீட்டு நோட்டில் உங்கள் கணக்கை எழுதியாகிவிட்டதா?