பிழைச்செய்தி பேச வேண்டும்

வீடியோ எடிட்டிங் மென்பொருளில் காட்சியின் நடுக்கத்தை நீக்கும் வசதியை அழுத்தியதும் திரை உறைந்து மென்பொருள் தானாகவே மூடிக்கொண்டால், பெரும்பாலோர் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். பழுதான கேஷ் கோப்புகளும் பழைய அமைப்புகளும் பல சமயம் அப்படியே தங்கிவிடுவதால், அது பிரயோஜனமற்ற சிரமம் என்பதே என் அபிப்பிராயம்.

மூடிக்கொள்வதற்கு நினைவகப் பற்றாக்குறையும் காரணமாகலாம். 4கே பிரேம் ஒன்றில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் உண்டு. வர்ண நுட்பம் கருதிப் புள்ளிக்கு 16 பைட் ஒதுக்கினால் ஒரு பிரேமே 130 மெகாபைட்டைக் கடந்துவிடும். ஆகவே 4 ஜிபி நினைவகமுள்ள கிராபிக்ஸ் கார்டு முப்பது சொச்சம் பிரேம்களிலேயே மூச்சுமுட்டி நிற்பதில் ஆச்சரியமில்லை.

முதலில் வேறொரு கிளிப்பில் அதே வசதியைப் பரீட்சித்து, அங்கும் மென்பொருள் விழுந்தால் கிராபிக்ஸ் கார்டின் துணையை அணைத்துப் பார்ப்பதே கிரமமான வழி. ஒரே கிளிப்பில் மட்டும் விழுமாயின் அது செல்போனில் எடுத்ததாக, விநாடிக்கு விநாடி பிரேம் எண்ணிக்கை மாறுவதாக இருக்கலாம். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளால் அதை நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆயினும் இந்த ஆராய்ச்சி முழுவதையும் உபயோகிப்பவர் தலையில் சுமத்துவது நியாயமன்று. விடிந்தால் கல்யாண வீடியோவை ஒப்படைக்க வேண்டிய தொழிலாளிக்கு, ‘எதிர்பாராத பிழை’ என்னும் இரண்டு வார்த்தைகளால் என்ன உபகாரம்? எந்தக் கிளிப், எந்தப் பிரேம், எவ்வளவு நினைவகம் போதவில்லை என்பதை மென்பொருளைச் செய்தவர்கள் அந்தப் பிழைச்செய்திச் சாளரத்திலேயே தெரிவித்தாக வேண்டும்.