குறத்தி பாடும் மலை

பக்தி இருந்தால் போதும், பாட்டுத் தானே வந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் நம் நாட்டில் அநேகர். பசி இருந்தால் போதும், சமையல் தானே ஆகிவிடும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை! சமையலுக்குக் கை வேண்டும், பழக்கம் வேண்டும், உப்பின் அளவு தெரிய வேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். தெய்வத்தின் முன்னால் வைக்கிற பாட்டுக்கு மாத்திரம் இவை ஒன்றும் வேண்டியதில்லை என்பது விசித்திரமான அபிப்பிராயம் அல்லவா?

இந்த அபிப்பிராயம் உள்ளவர்கள் ஒரு முறை திருக்கோவலூரை நினைத்துக்கொள்ள வேண்டும். 2019-ஆம் வருஷத்தில் தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த ஊர் அது. மழை கொட்டிய ஓர் இரவில் பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் அங்கே ஒரு சிறிய இடைகழியில் சந்தித்தார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுள்ள இடம். நாலாவதாக ஒருவர் வந்து நெருக்குவது தெரிந்தது. வந்தவர் யார் என்று கண்டுகொண்ட ஆனந்தத்தில் மூவரும் பாடினார்கள் என்பது வைஷ்ணவர்கள் போற்றும் வரலாறு. அப்படிப் பாடியது என்ன? ஆளுக்கு நூறு வெண்பா. அதுவும் அந்தாதித் தொடையில்! தமிழ் யாப்புக்களில் வெண்பாவைப் போலக் கண்டிப்பானது வேறில்லை. இருட்டிலே, நெருக்கடியிலே, கடவுளைக் கண்ட பரவசத்திலே கூட அவர்களுக்குத் தளை தட்டவில்லை. பக்தி, இலக்கணத்தை உடைத்துக்கொண்டு வரவில்லை. இலக்கணத்தின் தோளில் ஏறிக்கொண்டு வந்தது.

இதே வட்டாரத்தில் வேறொரு மதத்துக் கவியின் அடிச்சுவடும் இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டைக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே கோணான்குப்பம் என்று ஒரு கிராமம். அங்கே பெரியநாயகி மாதாவுக்குக் கோவில் எழுப்பியவர் இத்தாலியில் 1680-ஆம் வருஷம் பிறந்த பெஸ்கி பாதிரியார். நமக்கு அவர் வீரமாமுனிவர். சூசையப்பரைத் தலைவராக வைத்து, மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காவியத்தை இயற்றியவர். தமிழுக்குத் தொன்னூல் விளக்கம் என்ற இலக்கண நூலும், சதுரகராதியும் தந்தவர். அன்னிய தேசத்திலிருந்து வந்த அவரே, "என் பக்திக்குத் தமிழ் இலக்கணம் எதற்கு?" என்று கேட்கவில்லை. அப்படியிருக்க, இந்த மண்ணில் பிறந்தவர்கள் கேட்பதற்கு என்ன நியாயம் உண்டு?

ஆனால் தேம்பாவணி வித்துவான்களுக்கான விருந்து. நாற்று நடுகிறவளும் ஏற்றம் இறைக்கிறவனும் கூடிப் பாட அது உதவாது. அதே பதினெட்டாம் நூற்றாண்டில், சீர்திருத்த சபைகளின் ஜெர்மானியப் பாதிரிமார் தங்கள் நாட்டு ஞானப்பாட்டுக்களைத் தமிழில் மொழிபெயர்த்து, அந்த நாட்டு மெட்டுக்களிலேயே பாடச் செய்தார்கள். நல்ல எண்ணந்தான்; பொருளும் உயர்ந்ததுதான். தமிழுக்கு மாத்திரம் ஒரு சங்கடம் ஏற்பட்டது. நம் மொழியில் குறிலும் நெடிலும் சங்கீத அலங்காரம் அல்ல. அவை பொருளையே மாற்றுகிறவை. 'மலை' என்ற சொல்லின் முதல் எழுத்தில் மெட்டு நீண்டுவிட்டால், மலை மாலையாகிவிடும், 'கல்' காலாகிவிடும். சொல்லின் உயிர் எங்கே இருக்கிறதென்று அறியாத மெட்டில், எவ்வளவு பெரிய பக்தியும் நொண்டத்தான் செய்யும்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்தவர் வேதநாயக சாஸ்திரியார். 1774-ஆம் வருஷம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதையொட்டி ஷ்வார்ட்ஸ் பாதிரியார் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியும் அந்தப் பாதிரியாரின் மாணாக்கர்தான். தஞ்சாவூரோ அந்நாளில் சங்கீதமே மூச்சாக இருந்த ஊர். அங்கே வளர்ந்த சாஸ்திரியார் கிறிஸ்துவைப் பாட எண்ணியபோது, ஐரோப்பாவின் பக்கம் திரும்பவில்லை. தம் தெருவின் பக்கம் திரும்பினார். தமிழ் ஜனங்கள் எதையெல்லாம் பாடி வந்தார்களோ, எதையெல்லாம் ஆடி வந்தார்களோ அவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டார். ஞானக் கும்மி, ஞான ஏற்றப்பாட்டு, ஞான உலா, ஞான நொண்டி நாடகம், ஞானத்தச்ச நாடகம் என்று அவர் நூல்களின் பெயர்களைச் சொன்னாலே ஒரு கிராமத்துத் திருவிழா கண் முன் வந்து நிற்கும்.

அவற்றில் சிரேஷ்டமானது 1800-ஆம் வருஷத்தை ஒட்டி எழுந்த பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி நாடகத்தில் தலைவி ஒருத்தி உலா வரும் தலைவனைக் கண்டு மையல் கொள்வாள். மலையிலிருந்து குறத்தி வந்து, தன் மலை வளத்தைப் பாடி, குறி சொல்வாள். அவளைத் தேடிச் சிங்கன் வருவான். சாஸ்திரியார் தலைவியைத் திருச்சபையாக்கினார், தலைவனைக் கிறிஸ்துவாக்கினார், குறத்தியை விசுவாசமாக்கினார். சிங்கன் பறவை பிடிப்பது ஆத்துமாக்களைச் சேர்ப்பதாயிற்று. அந்தக் காலத்துப் புதிய வானசாஸ்திரத்தையும் பூகோள சாஸ்திரத்தையும் கூட அதற்குள் நுழைத்துவிட்டார். பழைய பாத்திரத்தில் புதிய பொருளை வார்க்கும்போது பாத்திரமும் உடையாமல் பொருளும் சிந்தாமல் இருப்பதற்கு எவ்வளவு கைப்பழக்கம் வேண்டும்!

தொழில் தெரிந்தவன் என்பதோடு, இது தமக்கு இடப்பட்ட பணி என்ற உறுதியும் அவரிடம் இருந்தது. தஞ்சைத் தெய்வத்தின் மீது காப்புச் செய்யுள் பாடும்படி சரபோஜி மன்னர் கேட்டபோது அவர் மறுத்துவிட்டாரென்றும், மன்னர் கோபிக்கவில்லையென்றும் கிறிஸ்தவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மறுத்த கவியின் தைரியம் பெரிதா, பொறுத்த அரசனின் ரஸிகத்தனம் பெரிதா என்று தீர்ப்புச் சொல்வது கஷ்டம்.

அரசர் பொறுத்தார், புதிதாக வந்த பாதிரிமார் பொறுக்கவில்லை. 1829-ஆம் வருஷத்தில் சாஸ்திரியார் அவர்கள் மீது நான்கு குற்றங்களைச் சாட்டினார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள். கலியாணத்திலும் சாவிலும் பூவைத் தடுத்தார்கள். கோவிலில் தமிழ்ச் சங்கீதத்தை விலக்கினார்கள் என்பவை மூன்று. இவற்றில் நம் மனம் முற்றிலும் அவர் பக்கம் நிற்கிறது. ஆனால் நாலாவது ஒன்று உண்டு: கோவிலில் சாதி வேற்றுமையை ஒழித்து எல்லாரையும் கலக்கச் சொன்னார்கள் என்பதே அது! அதையும் அவர் கொடுமை என்றுதான் எழுதினார். இந்த இடத்தில் நாம் அவரோடு நிற்க முடியாது. மண்ணின் சங்கீதத்தை நேசித்தவர், மண்ணின் நோயையும் சேர்த்து நேசித்துவிட்டார்.

ஆனால் பாட்டு, பாடியவரைவிடப் பெரிதாகப் போய்விட்டது. 1853-ஆம் வருஷத்தில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் திரட்டி அச்சிட்டார். அதற்குப் பிறகு பாதிரிமாரின் மனமும் மாறியது. பல்லவி, அனுபல்லவி, சரணம் அமைந்த பாட்டுக்கள், தலையில் ராகமும் தாளமும் குறிக்கப்பட்டு, கோவிலுக்குள் மரியாதையோடு மீண்டும் நுழைந்தன. சாஸ்திரியார் யாரோடு ஒரே பந்தியில் உட்காரச் சம்மதிக்கவில்லையோ, அவர்களுடைய பேரன் பேத்திகள் அவர் கீர்த்தனையைத் தங்கள் சொந்தப் பாட்டாகப் பாடினார்கள். கவி ஏறாத படியைக் கவிதை ஏறிவிட்டது.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். கள்ளக்குறிச்சி ஜில்லாவில் எறையூர் என்னும் ஊர், செபமாலை மாதா கோவிலுக்குப் பெயர் போனது. அங்கே தலித் கிறிஸ்தவர்கள், தங்களுக்குச் சம மதிப்பு இல்லையென்று சொல்லித் தனிப் பங்கு வேண்டுமெனக் கேட்டார்கள். 2008-ஆம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதி அது பெருங் கலகமாகி, போலீஸாரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் இருவர் மாண்டார்கள். மாதா ஒருத்தி, வேதம் ஒன்று, மொழி ஒன்று, தெரு மட்டும் இரண்டு! சாதி கோவில் வாசலோடு நின்றுவிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் எல்லா மதத்தாருக்கும் இது பாடம். பாட்டுக் கட்டுகிறவன் இந்தத் தெருக்களில் எதில் நின்றுகொண்டு பாடுகிறான் என்ற கேள்வி, அவன் எந்த ராகத்தில் பாடுகிறான் என்ற கேள்விக்குக் குறைந்ததல்ல.

சமரசமாகப் பாடிக் காட்டியவர்களும் இல்லாமற் போகவில்லை. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1878-ஆம் வருஷத்தில் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். எந்த மதத்தாரும் தயங்காமல் பாடக்கூடிய சாஹித்யங்கள் அவை. வைஷ்ணவ குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, தாம் சிறு வயதில் கற்ற கம்பனைக் கைவிட்டுவிடவில்லை. கம்பனிடம் பெற்ற செல்வத்தைக் கொண்டே ரக்ஷணிய யாத்திரிகத்தை எழுதினார். மதம் மாறினால் தமிழும் மாற வேண்டியதில்லை என்பதற்கு இவர்களைவிடச் சாட்சி வேண்டுமா?

இனி, குறத்தியின் விஷயத்துக்கு வருவோம். குறவஞ்சி எழுதிய புலவர்கள் எல்லாரும் குறத்தியை மலையிலிருந்து இறங்கி வரச் சொன்னார்கள். அவளைத் தேடி மலை ஏறிய புலவர் அபூர்வம். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரிகிறது. கோமுகி ஆறு பிறக்கும் இடம். அங்கே வாழ்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையாள தேசத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகக் கதை சொல்கிறார்கள். 1976-ஆம் வருஷம் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் வரையில் இந்த மலைக் கிராமங்கள் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தன. விதைப்புக்கும் கலியாணத்துக்கும் சாவுக்கும் பாட்டில்லாத மலை உலகத்தில் எங்கும் கிடையாது. சாமை விளைகிற இந்த மலைக்கும் அதற்குரிய மெட்டு இல்லாமலா போகும்?

இந்த மலைக்கு ஒரு கிறிஸ்தவக் கவிராயர் பாட்டுக் கட்ட வேண்டுமென்று ஆசைப்படுவதாக வைத்துக்கொள்வோம். மதம் மாற்றுவதைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. பாட்டைப் பற்றியே பேசுகிறோம். சினிமா மெட்டு ஒன்றை எடுத்து, காதலி இருந்த இடத்தில் கர்த்தரை வைத்துவிட்டால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். ஒலிபெருக்கியும் இருந்தால் மலை முழுதும் கேட்கும். ஆனால் பத்து நாளில் மறந்துபோகும். வேறொரு வழி இருக்கிறது. அது கஷ்டமான வழி. ஒரு வருஷம் அங்கே வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். தாலாட்டு எங்கே மூச்சு வாங்குகிறது, ஒப்பாரி எந்தச் சொல்லில் உடைகிறது, கும்மி எந்த அடியில் கை தட்டுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கொடுக்கப் போகிறவன் முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு எழுதுகிற பாட்டு நாலே அடியானாலும், எழுதியவன் பெயர் மறைந்த பின்னும் நிற்கும்.

கிறிஸ்தவ நேயர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று. ஜூன் 13-ந் தேதி மேல்நாரியப்பனூர் அந்தோணியார் திருவிழாவுக்கு எவ்வளவோ செலவு செய்து போகிறீர்கள். உங்கள் குழந்தைகளில் யாருக்காவது பாட்டுக் கட்டும் ஆசை இருக்கக் கண்டால், "நல்ல பக்தி!" என்று தட்டிக்கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். யாப்புச் சொல்லிக்கொடுங்கள், ஒரு நல்ல பாகவதரிடம் ராகமும் தாளமும் பழக அனுப்புங்கள். மற்ற நேயர்களுக்கும் அதே வேண்டுகோள்தான். திருக்கோவலூர் இடைகழி எல்லாருக்கும் பொதுவானது.

குறத்தி மலையைப் பாடுவதாகப் பாவித்துப் புலவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். மலையிலிருப்பவள் உண்மையிலேயே பாடுவதைக் கேட்டு எழுதவும் யாராவது புறப்பட வேண்டும்.