தக்கவைக்க வேண்டிய ஆள் யார்?

சென்ற மாதம் ஒரு மனிதவள அதிகாரி பேசியதைக் கேட்க நேர்ந்தது. 26 வார மகப்பேறு விடுப்பு, அலுவலகத்திலேயே குழந்தைகள் காப்பகம், வீட்டிலிருந்து வேலை. இதெல்லாம் கருணை இல்லையாம். அனுபவமுள்ள பெண்கள் விலகினால் கம்பெனிக்குத்தான் நட்டமாம். சரியான கணக்குதான். வெளியே வந்து, அதே மாடியில் கழிவறை கழுவும் அக்காவிடம் பேசினேன். ஒப்பந்தக்காரரின் ஆள். ஐந்தாம் மாதத்திலேயே நிறுத்திவிட்டார்களாம். பிள்ளை பெற்றுத் திரும்பியபோது புது ஆளாகச் சேர்த்திருக்கிறார்கள்.

அவரைத் தக்கவைக்க ஏன் ஒரு கொள்கையும் இல்லை? தோழர்களே, அந்த வேலையைச் சாதி பார்த்துக்கொள்கிறது. இவர் போனால் அதே சேரியிலிருந்து, சில நேரம் அதே வீட்டிலிருந்தே, இன்னொருத்தி வருவாள் என்று ஒப்பந்தக்காரருக்குத் தெரியும்.

சட்டம் இவரை விலக்கி வைக்கவில்லை. 1961 மகப்பேறு நலச் சட்டமும் சரி, அதை உள்வாங்கிய 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் சரி, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்கின்றன. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு பலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் அந்த 80 நாளை எதைக் காட்டி நிரூபிப்பது? வருகைப் பதிவேடு மேஸ்திரியின் பையில் இருக்கிறது.

50 பேர் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்கிறது சட்டம். தெருவே பணியிடமான தூய்மைப் பணியாளருக்கு அது எங்கே? விடியற்காலையில் வண்டியைத் தள்ள வேண்டும். அந்நேரம் அங்கன்வாடி பூட்டிக் கிடக்கும். மூத்த பெண் பள்ளிக்கு மட்டம் போட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். கல்வித் துறை அதை 'இடைநிற்றல்' என்று வேறொரு பட்டியலில் எழுதிக்கொள்ளும்.

2021-ல் தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தியது. வரவேற்போம். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தபோது, சம்பளத்துக்காகத்தான் என்று பலர் நினைத்தார்கள். நிரந்தரம் என்றால் பேறுகாலத்தில் அறுந்துபோகாத வேலையும்தான். மகப்பேறு நலனுக்காக அம்பேத்கர் பம்பாய் சட்ட மன்றத்தில் வாதாடியது 1928-ல். இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறோம்.

உங்கள் கல்லூரி விடுதியைக் கூட்டும் அக்காவிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: சம்பளச் சீட்டு தருகிறார்களா? இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பிள்ளையை யாரிடம் விட்டு வந்தீர்கள்? பதிலை எழுதிக்கொண்டு போய் முதல்வர் அறைக் கதவைத் தட்டுங்கள்.