எளியோர்க்கும் எட்டட்டும் சிறப்பு மருத்துவம்!

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்றனர் நம் முன்னோர். ஆனால் நோய் வந்துவிட்டால், உள்ளவருக்கு ஒரு மருத்துவம், இல்லாதவருக்கு ஒரு மருத்துவம் என்னும் நிலை இருக்கலாமா? கணையப் புற்றுநோயைப் பற்றி எண்ணும்போது இக்கேள்வி நம் நெஞ்சைத் தைக்கிறது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் உறுப்பு. உணவு செரிப்பதற்கான நீரையும் இன்சுலினையும் சுரப்பது அதுவே. அங்கே தோன்றும் புற்று எளிதில் வெளியே தெரிவதில்லை. கட்டி பித்தநாளத்தை அடைத்த பின்னரே பலருக்குக் கண் மஞ்சளாகிறது. அறுவைச் சிகிச்சைக்கு ஏற்ற நிலையில் கண்டறியப்படுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேரே.

எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா கொல்லிமலை அடிவாரத்தில் மரவள்ளி பயிரிட்டவர். கண் மஞ்சளானதும், "காமாலைதானே" என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தனர். பத்தியமும் இருந்தார். இரண்டு மாதங்கள் ஓடின. உடல் இளைத்த பிறகே ஸ்கேன் எடுத்தனர். சென்னை போய்ச் சேர்ந்தபோது, "அறுவைக்குக் காலம் கடந்துவிட்டது" என்றனர் மருத்துவர்கள். பணமின்மை மட்டுமன்று, வழி அறியாமையும் அவரைக் கைவிட்டது.

"அப்படியானால் சேந்தமங்கலத்திலேயே பெரிய மருத்துவமனை கட்டலாமே!" என்றனர் எங்கள் வகுப்பில் சிலர். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. விப்பிள் எனப்படும் இவ்வறுவை பல மணி நேரம் நீடிப்பது, மிகக் கடினமானது. அதை அடிக்கடி செய்து பழகிய மருத்துவமனைகளிலேயே உயிரிழப்பு குறைவு என்பது உலகம் கண்ட உண்மை. ஆகவே ஊருக்கு ஊர் கட்டடம் வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் வழி வேண்டும்.

அவ்வழி யாது? கண் மஞ்சளானவருக்கும், காரணமின்றி இளைப்பவருக்கும் அருகிலேயே தாமதமின்றிப் பரிசோதனை கிடைக்க வேண்டும். ஐயம் எழுந்தால் அந்த வாரமே சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; சென்னை ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் இதற்குரிய அறுவைத் துறைகள் உள்ளன. இவற்றை இணைக்கும் பாலமே இன்றியமையாதது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருவது பெரும் பேறு. ஆயினும் துணைக்குச் செல்பவரின் கூலி இழப்புக்கும், தங்குமிடத்துக்கும் கூலித் தொழிலாளி எங்கே போவார்? அதற்கும் உதவி வேண்டும். காலம் கடந்தவர்களுக்கு வலி தணிக்கும் மருத்துவமாவது சொந்த ஊரருகே கிடைக்க வேண்டும்.

இவையெல்லாம் இயலுமா என்று ஐயுற வேண்டாம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் தொடங்கியதே இன்று நாடறிந்த புற்றுநோய் நிலையம்!

தோழியரே, காமாலை எல்லாம் புற்றுநோய் அன்று. ஆனால் காரணம் அறியாமல் மருந்து உண்பது தவறு. இதை இன்றே நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வோம். வழி அமைப்பது அரசின் கடமை. வழி காட்டுவது நம் கடமை!