மேலே மெழுகு, அடியில் விதை

சாண்ட்லர், கில்பர்ட், மேசா என்று அரிசோனாவில் ஃபீனிக்ஸைச் சுற்றிக் குடியேறிய நம்மவர்களின் ஜீப்புகள் வாரநாளில் ஆபீஸ் பார்க்கிங்கிலும் சனிக்கிழமை புல்டாக் கேன்யனிலும் நிற்கின்றன. கோல்ட்ஃபீல்ட் மலைகளுக்குள் வளைந்து திரும்பும் மண்பாதை அது. வனத்துறையிடம் அனுமதி வாங்கினால் கேட் பூட்டுக்கு எண் தருவார்கள். வாங்கினோம். நுழைந்ததும் கேட்டைப் பூட்டினோம். புளிசாதம் தின்ற தட்டுகளைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவந்தோம். ஒழுங்கானவர்கள் என்று நம்மை நாமே மெச்சிக்கொள்ள இவ்வளவு போதுமாக இருந்தது.

எதிரே வண்டி வந்தால் ரிவர்ஸ் எடுக்கச் சோம்பல். இரண்டு சக்கரத்தை ஓரத்தில் இறக்கினோம். அந்த ஓரத்துப் பாலோ வெர்டே மர நிழலில்தான் சவாரோ கள்ளி முளைக்கும். வெயிலுக்கும் பனிக்கும் மரம்தான் அதற்குக் காவல். பத்து வயதுக் கள்ளி கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. கிளை விட ஐம்பது, எழுபது வருஷம் ஆகும். கிளை விட்ட கள்ளியோடு நின்று செல்ஃபி எடுத்தவர்கள் காலடியில் இருந்ததைப் பார்க்கவில்லை.

இதைவிடப் பெரிய அலட்சியம் வண்டிக்கு அடியில். பிப்ரவரி தாண்டினால் ஊரோரமெல்லாம் குட்டி மஞ்சள் பந்துகளாய்ப் பூக்கிறதே ஸ்டிங்க்நெட், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த களை. நாற்றம் மூக்கைத் துளைத்தும், அழகாக இருக்கிறதே என்று குழந்தைகளை அதன் நடுவில் நிறுத்திப் படம் எடுத்தோம். தூசிபோன்ற அதன் விதை சேற்றோடு அடித்தட்டில் ஒட்டிக்கொண்டு மலையேறும். இந்தச் சோனோரன் பாலைவனம் தீயோடு பழகி வளர்ந்ததல்ல. செடிக்கும் செடிக்கும் நடுவே கிடந்த வெறுமண்தான் அதற்குத் தீத்தடுப்பு. அந்த இடைவெளியைத்தான் இப்படி வந்தேறிய களையும் புல்லும் நிரப்பிக் காய்கின்றன. மழை பெய்த வருஷத்தில் "எவ்வளவு பச்சை!" என்று பூரித்துப்போனோம்.

2020 ஜூனில் புஷ் ஹைவே பக்கம் சாலையோரத்தில் ஒரு வண்டி தீப்பிடித்து, 1,93,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஃபோர் பீக்ஸ் மலைப் பக்கம் எழுந்த புகையைக் கொல்லையில் நின்று வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டு, "யார் வண்டியோ, பாவம்" என்றோம். எரிந்த புல்லின் விதை யார் வண்டியில் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வண்டியைக் கழுவாமல் இல்லை. மேலே ஷாம்பு, மெழுகு, டயருக்குப் பளபளப்பு. அடித்தட்டுக்குத் தண்ணீர் பீய்ச்சக் கூடுதலாகச் சில டாலர் என்றதும் வேண்டாம் என்றோம். வனத்துறை சொல்லாமலும் இல்லை. வந்த அனுமதியில் கேட் எண் இருந்த வரியைத் தேடிப்பிடித்தோம், மீதியைப் படிக்கவில்லை.