மணி யாருக்கு, முதல் யாருடையது?

நாம் தூக்கியெறியும் எண்ணெய் டப்பாவும் உடைந்த வாளியும் எங்கே போகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நெல்லைச் சீமையிலிருந்து வந்த தமிழர் தோல் பதனிட்டு வாழ்ந்த அதே தாராவிக்கு, அங்குள்ள பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கு, அவற்றுட் பல போய்ச் சேருகின்றன.

அங்கே கைகளும் மூக்கும்தான் முதல் இயந்திரம். நிறம் பார்த்து, ஒரு துண்டைக் கொளுத்தி முகர்ந்து, இது இன்ன பிளாஸ்டிக் என்று பிரிக்கிறார்கள். பின்னர் நொறுக்கி, அலசி, கூரைமேல் உலர்த்தி, உருக்கி, இழையாக இழுத்து, மணிமணியாக வெட்டி விற்கிறார்கள். அந்த மணியே மீண்டும் வாளியாகிறது. இதற்குத்தான் மேலாண்மை நூலார் 'மூடிய வட்ட வழங்கற் சங்கிலி' என்று நீண்ட பெயர் சூட்டியிருக்கிறார்கள்!

பழம்பொருளைத் திரட்டும் வேலையை வாங்குவோருக்கு மிக அருகில் இருப்பவரிடம் விடுவதே நன்று என்று 2004-இல் சவஸ்கான் முதலிய மூவர் கணக்கிட்டுக் காட்டினர். அவர்கள் எண்ணியது கடைக்காரரை. நம் ஊரில் அருகிலிருப்பவரோ குப்பை பொறுக்குபவரும் பழைய சாமான் வாங்குபவருமே.

2022 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, பிளாஸ்டிக் உறையிட்டு விற்கும் நிறுவனங்கள் அக்கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். பதிவுபெற்ற ஆலையிடம் சான்றிதழை விலைக்கு வாங்கியும் கணக்கை நேர்செய்யலாம். பதிவில்லாத சிறு பட்டறைக்கு அப்பணத்தில் உரிமையில்லை. பதிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். இசைவுக்குப் புகையையும் கழிவுநீரையும் அடக்கும் சாதனங்கள் வேண்டும். அவற்றுக்கு முதல் வேண்டும். வங்கியோ பத்திரம் கேட்கிறது. கொட்டகைக்குப் பத்திரம் ஏது? போதாக்குறைக்கு, தாராவிச் சீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. நாளை இடிபடக்கூடிய கொட்டகையில் இன்று இயந்திரம் நாட்ட எவருக்குத் துணிவு வரும்?

"புகை கக்கும் பட்டறைக்குப் பணமா?" என்று சிலர் கேட்கலாம். புகை உண்மைதான், அதை முதலில் சுவாசிப்பவர் அங்கே வேலை செய்பவர். ஆகவேதான் இயந்திரச் செலவில் ஒரு பகுதியை உறையிட்டு விற்றவர் ஏற்க வேண்டும் என்கிறேன். சான்றிதழின் விலையில் திரட்டியவருக்கும் பிரித்தவருக்கும் பங்கு வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கேனும் மணியை உறுதியான விலைக்கு வாங்கும் ஒப்பந்தமும் வேண்டும். ஈவு கிடைக்காதவர் ஏன் கவனமாகப் பிரிப்பார்? பிரிப்பு கெட்டால் மணி கெடும். மணி கெட்டால் நட்டம் நிறுவனத்துக்கும்தானே!

1933-இல் தோன்றிய வேதித் தொழில்நுட்பக் கழகம் தாராவியை அடுத்த மாதுங்காவிலேதான் இருக்கிறது. முகர்ந்தறியும் மூக்குக்கு மாற்றாக மலிவான கருவியொன்று அமைக்க நம் மாணவர் முயலலாம். முயல்வோர், அதன் விலையை யார் கொடுப்பது என்பதையும் உடன்வைத்தே ஆராய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.