எழுபதுக்குக் கீழே

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளிவந்தால் எங்கள் தோட்டத்துப் பாடசாலைக்கு வேறு பெயரே இல்லை: 'எழுபதுக்குக் கீழே'. கல்வி அலுவலகக் கூட்டத்தில் பாடசாலைகளை வரிசைப்படுத்திய அட்டவணையைத் திரையில் போட்டு, அடிவரியில் எங்களைச் சிவப்பில் காட்டி, "என்ன டீச்சர், இந்த வருஷமும் இப்படித்தானா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டீர்கள், ஐயா. வாய் திறப்பதற்குள் அடுத்த பாடசாலைக்குப் போய்விட்டீர்கள். அன்றைக்குச் சொல்ல விடாத பதில்தான் இது.

இருநூறு புள்ளிக்கு இரண்டு வினாத்தாள். எழுபது எடுத்தால் பாடசாலையின் மானம் தப்பும். மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டினால்தான் நகரத்துக் கல்லூரியில் இடம். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுபவர் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். மிச்சம் ஐந்து பேரையும் 'உனக்குப் படிப்பு வராது' என்று ஊர் பார்க்கும்படி செய்வதற்கு ஒரு பரீட்சை. அவர்களுக்கு வயது பத்து, ஐயா. பத்து!

என் வகுப்பில் ஒரு பையன். வருடத் தொடக்கத்தில் வந்தபோது எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியாது. அவன் முட்டாளா? மூன்றாம் தரத்திலும் நான்காம் தரத்திலும் அவனுக்கென்று ஓர் ஆசிரியர் நிலைக்கவில்லை. நியமனம் பெற்று வந்தவர்கள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு மலையிறங்கிப் போனார்கள். ஒரே மண்டபத்தில், அலுமாரியைத் தடுப்பாக வைத்து, ஒரே ஆசிரியை மூன்று தரங்களைப் பார்த்தார். மழை வந்து தகரத்தில் அடித்தால் அந்தக் குரலும் கேட்காது. அப்படி வந்தவன், பரீட்சைக்கு முன் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திக்காமல் வாசித்துக் காட்டினான். எடுத்தது 61. நான் கற்பித்த காலத்தில் இதைவிடப் பெரிய பெறுபேற்றைப் பார்த்ததில்லை. உங்கள் அட்டவணையில் அவன் எங்கள் சித்தி வீதத்தைக் கெடுத்த ஒருவன்.

இந்தப் பிள்ளைகளின் தாய்மார் கொழுந்து நிறுவையில் நிற்கிறார்கள். குறித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர், அரை நாள் கூலி. மலையில் கொழுந்து இருந்ததா, உரம் போட்டார்களா, அட்டைக்கடியோடு எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. முள் காட்டுவதுதான் கணக்கு. தாயை நிறுக்கும் அதே தராசில் பிள்ளையையும் ஏற்றிவிட்டீர்கள்.

அந்தத் தாய் விடியற்காலை பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்கப் போகிறாள். மூத்த பெண்பிள்ளை தேத்தண்ணி ஊற்றி, தம்பியைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு, பாதி நேரம் கழித்து வகுப்புக்கு வருகிறாள். அதே நேரத்தில் நகரத்தில் மூன்றாம் தரத்திலிருந்தே டியூசன், மாதிரி வினாத்தாள், சனி ஞாயிறு செமினார். இருவருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மணித்தியாலம். இதற்குச் சமவாய்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்!

கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது 1945 இல். கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய மகா வித்தியாலய விடுதியில் தங்கிப் படிக்கவே புலமைப்பரிசில் பிறந்தது. அந்த இலவசக் கல்வி எங்கள் லயங்களுக்கு ஏறி வரவில்லை. 1948 இல் எங்கள் பாட்டன்மாரின் குடியுரிமையைப் பறித்தார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கவே 1970கள் ஆனது. ஒரு தலைமுறை பிந்தி வந்த பள்ளிக்கூடத்தை, நூறு வருடப் பெருமை பேசும் கல்லூரியோடு ஒரே பட்டியலில் போட்டு, ஏன் பின்னுக்கு நிற்கிறாய் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

சரி, வென்றவர்களுக்குத்தான் என்ன கொடுத்தீர்கள்? வசதி குறைந்த பிள்ளைக்கான மாதக் கொடுப்பனவு 750 ரூபாவாகக் கிடந்து, 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 1,500 ஆனது. தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 2024 இல் 1,350 ரூபா. ஒரு பிள்ளை உயிரைக் கொடுத்துப் படித்து வென்றால், மாதம் முழுவதற்கும் அவள் கைக்கு வந்தது தாயின் அன்றைய ஒரு நாள் கூலியும் கொஞ்சமும்.

எங்களிடமிருந்தும் ஒருத்தி வெட்டுப்புள்ளியைத் தாண்டினாள். நகரத்துக் கல்லூரி எடுத்துக்கொண்டது. போகட்டும், நன்றாக இருக்கட்டும். நாளைக்கு அவள் சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்தால் பதாகை அந்தக் கல்லூரி வாசலில் தொங்கும். எழுத்தறிவித்த தோட்டப் பாடசாலையை அதில் தேடினாலும் கிடைக்காது. கெட்டிக்காரப் பிள்ளையைக் கொண்டுபோவதும் நீங்கள், உங்களிடம் கெட்டிக்காரர் இல்லையே என்று ஏசுவதும் நீங்கள்!

இது போதாதென்று ஒரு புத்திமதி வேறு: "கஷ்டப்படுற பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்ப வேணாம்னு தாய்மாருக்குச் சொல்லுங்க டீச்சர், வீதம் கூடும்." எந்த முகத்தோடு சொல்வேன்? வருடம் முழுவதும் என் முன்னால் உட்கார்ந்த பிள்ளையை, அந்த ஒரு நாள் மட்டும் இல்லாத பிள்ளை என்று எப்படி ஆக்குவேன்? சொல்லமாட்டேன் என்றேன். அதனால்தான் சிவப்பு வரி எங்களுக்கு.

2024 செப்டம்பரில் இதே பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகின. பெற்றோர் வீதிக்கு இறங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. டிசம்பர் 31 அன்று தீர்ப்பும் வந்தது. மூன்று வினாவுக்கு நாடே நீதி கேட்டது, கேட்க வேண்டியதுதான். இரண்டு வருடம் தனக்கென்று ஆசிரியர் இல்லாமல் கிடந்த வகுப்புக்காக எந்த நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது? அந்தப் பிள்ளைகள் இழந்த புள்ளிகளை யார் திருப்பிக் கொடுப்பது?

உங்கள் அட்டவணையில் இன்னும் சில நிரல்களைச் சேருங்கள், ஐயா. எத்தனை ஆசிரியர் வெற்றிடம், எத்தனை நாள் வகுப்பு ஆளில்லாமல் இருந்தது, வரும்போது பிள்ளைக்கு என்ன தெரிந்திருந்தது, போகும்போது என்ன தெரிகிறது. எல்லாவற்றையும் எழுதிவிட்டு வெற்றிடங்களை நிரப்புங்கள். அதன்பிறகும் எங்கள் பிள்ளைகள் எழுபதுக்குக் கீழே நின்றால் என்னைக் கேளுங்கள், தலைகுனிந்து பதில் சொல்கிறேன். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், பத்து வயதுப் பிள்ளைகளைத் தோற்றவர்கள் என்று சொல்ல உங்களில் எவருக்கும் உரிமை இல்லை.